மூலத்தில் இல்லாத தெரு

பூலாங்கரட்டுக்குப் பதிமூன்று தெருக்கள் மட்டுமே இருந்த காலத்தில், ஒரு சனிக்கிழமை பிற்பகல், நகராட்சிக் குடிநீர்ப் பிரிவின் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, வேறு வழி தெரியாமல் நான் பதினாலாவதாக ஒரு தெருவை எழுதினேன். மறுநாள் காலை வால்வு திறக்கப் போன சூசை, பதிமூன்றாம் தெருவைத் தாண்டி, முந்தின நாள்வரை வேலிக்காத்தான் மட்டுமே நின்ற கரிசல் மண்ணில், பதினோரு வீடுகளும், முனையில் ஒரு குழாயும், சிமென்ட் மூடி போட்ட வால்வுத் தொட்டியும் இருப்பதைப் பார்த்து, மூடியைத் தூக்கி, சாவியைப் போட்டுத் திருகி, நாற்பது நிமிடம் தண்ணீர் விட்டுவிட்டு எனக்குப் போன் செய்தார்.

“சார், பதினாலாம் தெரு வால்வு ரொம்ப இறுக்கமா இருக்கு. இதுவரைக்கும் யாருமே தொறக்காத மாதிரி. கொஞ்சம் கிரீஸ் வாங்கிக் குடுங்க.”

வாங்கிக் கொடுத்தேன்.

எழுதினேன் என்று சொன்னதை விளக்க வேண்டும். வடக்கே தாழைக்கோட்டை என்று ஓர் ஊர். அங்கே சில பொறியாளர்கள் ஒன்றுகூடி, எந்தத் தெருவுக்கு எந்த நாளில் எத்தனை நிமிடம் தண்ணீர் விடுவது என்று பட்டியல் போட்டு வால்வுக்காரரின் போனுக்கு அனுப்பும் ஒரு கணினி நிரலை எழுதி, எந்த ஊர்க்காரரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் வைத்திருந்தார்கள். நான் எடுத்துக்கொண்டேன். அவர்களுடையதை மூலம் என்றும், அதிலிருந்து பிரித்தெடுத்த நம்முடைய படியைக் கிளை என்றும் சொல்வது வழக்கம். கிளையில் நாம் எதை மாற்றினாலும் மூலத்துக்கு ஒன்றும் ஆகாது. மூலத்தில் அவர்கள் செய்யும் திருத்தமும் நாம் கேட்டு வாங்காதவரை நமக்கு வராது. தாழைக்கோட்டையில் பதினான்கு தெருக்கள், ஒரு நாளைக்கு இரண்டு, ஏழு நாளில் ஊர் முடிந்துவிடும், அதனால் நிரலும் ஜோடி ஜோடியாகவே யோசித்தது. எங்கள் ஊரிலோ ஞாயிற்றுக்கிழமை வந்ததும் பதிமூன்றாம் தெருவுக்கு ஜோடி தேடி, கிடைக்காமல், அப்படியே நின்றுவிடும். நிரலைத் திருத்தும் அறிவு அப்போது எனக்கு இல்லை. ஒரு தெருவைச் சேர்ப்பது சுலபமாக இருந்தது. வீடுகள் எத்தனை என்று கேட்டது; ஒன்று என்ற விசையில் விரல் இரண்டு முறை பட்டு, பதினொன்று ஆனது. வீட்டுக்கு எத்தனை பேர் என்று கேட்டது. மூன்று, நான்கு, மூன்று, மூன்று என்று கைபோன போக்கில் அடித்துக்கொண்டே போனேன். முப்பத்தெட்டுப் பேர் என்று கூட்டிச் சொன்னதும் நிரல்தான், நானில்லை. ஏழு வருடமாக இதை நினைத்துக்கொள்கிறேன். முப்பத்தெட்டுப் பேரை ஊருக்குள் கொண்டுவந்தவன், ஒரு தடவை நிமிர்ந்து உட்கார்ந்து யோசித்திருக்கலாம்.

ஊர் அதிகம் யோசிக்கவில்லை. முதல் வாரத்தில் வந்த ஒரே புகார், பதிமூன்றாம் தெருக்காரர்களிடமிருந்து: இத்தனை காலம் ஊரின் கடைசித் தெரு என்பதால் சாயங்காலக் காற்று முழுக்கத் தங்களுக்கே வந்துகொண்டிருந்தது, இப்போது பதினோரு வீடுகள் மறிக்கின்றன என்று. இரண்டாவது வாரம், பதினாலாம் தெருவுக்கு மட்டும் எதற்கு நாற்பது நிமிடம், எங்களுக்கு முப்பத்தைந்துதானே என்று எட்டாம் தெருவிலிருந்து ஒருவர் மனு எழுதிக்கொண்டு வந்தார். மூன்றாவது வாரம் கட்சிக்காரர்கள் கொடிக்கம்பம் நட்டார்கள், எதிர்க்கட்சிக்காரர்கள் பக்கத்தில் அதைவிட ஒரு முழம் உயரமாக நட்டார்கள், அதற்குப் பிறகு அந்தத் தெரு இருப்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. குலசாமி எது என்று கேட்டவர்களிடம் தெருக்காரர்கள் கொஞ்சம் தயங்கி வால்வுத் தொட்டியைக் காட்டினார்கள். ஆடி மாதம் அதன் மூடிக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தார்கள். சூசை சர்ச்சுக்குப் போகிறவர் என்றாலும், ஞாயிறுதோறும் அந்த மூடியைத் தூக்குவதற்கு முன் செருப்பைக் கழற்றினார். ஐந்தாம் தெருவில் ஒரு பெண்ணுக்கு அங்கே மாப்பிள்ளை பார்த்தபோது, பையன் வீட்டார் எத்தனை காலமாக அங்கே குடியிருக்கிறார்கள் என்று பெண்ணின் தகப்பனார் விசாரித்தார். போன வருஷம் மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்றார்கள். ஞாயிறு நல்ல நாள்தான் என்று அவர் சம்மதித்தார்.

நாலாவது வீட்டில் அரியநாச்சி இருந்தாள். நான் மூன்று என்று அடித்த வீடு: அவள், அவள் கணவன் சங்கையா, சங்கையாவின் தம்பி. வந்த மூன்றாம் நாளே பஞ்சாலையில் ஷிப்டுக்குச் சேர்ந்துவிட்டாள். வந்த இரண்டாம் வருடம் தர்ஷிகா பிறந்தாள், அரசு ஆஸ்பத்திரியில், மற்ற எல்லாப் பிள்ளைகளையும் போல. அரியநாச்சிக்கு எதையும் இரண்டு முறை பார்க்கும் பழக்கம் உண்டு. ஒன்றைப் பார்ப்பாள், போவாள், பத்தடி தூரத்தில் நின்று திரும்பிப் பார்ப்பாள். அந்த இரண்டாவது பார்வைக்கு நான் பயப்படுவேன்.

தெருவிளக்கு விஷயத்தில்தான் அதை முதலில் கவனித்தேன். தெருமுனை இருட்டாக இருக்கிறது என்று அவர்கள் கேட்டதும், மின்வாரியத்துக்கு எழுதிப் போடுவதற்குப் பதில், நிரலில் அடையாளக் குறிப்பு என்ற இடத்தில் நானே ஒரு தெருவிளக்கை எழுதிவிட்டேன். காலையில் கம்பம் நின்றது. அரியநாச்சி அந்தக் கம்பத்துக்கும் தன் வீட்டு ஜன்னலுக்குமாக ஒரு நைலான் கயிறு கட்டித் துணி காயப்போட்டாள். நாலு மாதம் கழித்து அந்தக் குறிப்பால் நிரல் தடுமாறியது. பிற்பகல் ஒரு மணிக்கு நான் அதைத் திரும்ப எடுத்துவிட்டேன். கம்பம் போய்விட்டது. கயிறு போகவில்லை. ஒரு முனை ஜன்னலிலும் மறுமுனை ஒன்றுமில்லாத இடத்திலும் கட்டியபடி, ஈரச் சேலையின் கனத்தைத் தாங்கிக்கொண்டு, நடுவில் கொஞ்சம் தொய்ந்து நின்றது. சூசை வந்து பார்த்து, முடிச்சு நல்லாப் போட்டிருக்கா என்றார். அரியநாச்சி சேலையை எடுத்து மடித்து, வீட்டுக்குள் போய், வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். மறுநாளும் அதில்தான் துணி போட்டாள்.

இப்படியே ஏழு வருடத்தில் எங்கள் கிளையில் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் மாற்றங்களைச் செய்திருந்தேன். ஒவ்வொன்றும் அந்தந்த நாளுக்குத் தேவையாக இருந்தது, மறுநாளுக்குத் தேவையா என்று நான் பார்த்ததில்லை. அதே ஏழு வருடம் தாழைக்கோட்டைக்காரர்கள் மூலத்தைத் தேய்த்துத் தேய்த்து மெருகாக்கிக்கொண்டே போனார்கள். அவர்களுடையது ஒரு திசையில் வளர, எங்களுடையது வேறொரு திசையில் கோணிக்கொண்டே போக, இந்தப் பங்குனியில் எங்கள் நிரல் புத்தி தடுமாறிவிட்டது.

“சார், நேத்துக்குத் தண்ணி தொறக்கச் சொல்லுது” என்று சூசை போனை நீட்டினார். “நேத்து நான் லீவு.”

மேட்டில் இருக்கும் மூன்றாம் தெருவுக்குப் போக வேண்டிய தண்ணீர், பள்ளத்துத் தெருவுக்கும் அதே நேரம் திறக்கச் சொல்லிப் பட்டியல் வந்ததால், பாதி வழியில் நின்றது. சூசை சொந்த யோசனையில் திறந்து பார்த்தார்; ஒன்றைச் சரிசெய்தால் இன்னொரு தெரு காய்ந்தது. பதினெட்டு நாள் மூன்றாம் தெருக் குழாயில் காற்றுதான் வந்தது. அந்தத் தெருவில் சீனியம்மாள் என்ற ஐம்பது வயதுக்காரி குடவரிசைக்குப் பொறுப்பு. யாரும் அவளை நியமிக்கவில்லை, அவள் குரல் நியமித்தது. பதினெட்டாம் நாள் அவள் நாற்பத்திரண்டு காலிக் குடங்களையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து, அலுவலக வாசலிலிருந்து என் மேசைவரை வரிசையாக வைத்தாள்.

“இந்தக் குடமெல்லாம் நெறையிற வரைக்கும் இங்கதான் இருக்கும். நீங்க தாண்டித் தாண்டிப் போயி வேலையப் பாருங்க.”

தாண்டித் தாண்டிப் போய் வேலை பார்த்தேன். தாழைக்கோட்டைக்கு எழுதினேன். அங்கிருந்து ஒரு பெண் பொறியாளர் மரியாதையாகப் பதில் எழுதினார்: உங்கள் கிளை மூலத்தை விட்டு வெகுதூரம் போய்விட்டது, இனி இரண்டையும் ஒட்டவைக்க முடியாது, ரீசெட் செய்வதுதான் வழி, அதாவது நீங்கள் மாற்றியதையெல்லாம் விட்டுவிட்டு, எழுத்துக்கு எழுத்து மூலத்தைப் போலவே ஆக்கிக்கொண்டு, உங்கள் ஊரின் பதிமூன்று தெருக்களை மட்டும் புதிதாகக் கொடுத்தால் போதும். கடைசியில் ஒரு வரி, சந்தோஷமாக எழுதியிருந்தார்: இப்போது ஒற்றைப்படையில் தெருக்கள் இருந்தாலும் நிரல் நிற்காது.

அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. பதினாலாம் தெரு இருந்ததற்கு ஒரே ஒரு காரணம் இருந்தது. அதுவும் முடிந்துவிட்டது.

எட்டாம் தெருக்காரர் வழக்கம்போல ஒரு மனுவோடு வந்தார்: பதினாலையும் சேர்த்தே புதிதாகக் கொடுத்தால் என்ன என்று. நியாயமான கேள்வி. ஆனால் புதிய மூலம் விவரமாகிவிட்டிருந்தது. ஒவ்வொரு தெருவுக்கும் நில அளவை எண் கேட்டது, பதினாலாம் தெருவின் இடத்தில் அரசாங்கப் பதிவேட்டில் இன்னும் வேலிக்காத்தான்தான் இருந்தது.

ரீசெட் செய்வதா வேண்டாமா என்று முடிவெடுக்க, நகராட்சிக் கூட்ட அறையில் ஊரே கூடியது. மூன்றாம் தெருக்காரர்கள் ஒரு பக்கமும் பதினாலாம் தெருக்காரர்கள் ஒரு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கத்தவில்லை. மூன்றாம் தெருக்காரர் ஒருவர் எழுந்து, பதினாலாம் தெருவைப் பார்த்து, “உங்க மேல எங்களுக்கு ஒண்ணும் இல்லப்பா” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஆணையர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி இருந்தார். அப்போது அரியநாச்சி எழுந்தாள், மடியில் தூங்கிய தர்ஷிகாவைச் சங்கையாவிடம் கொடுத்துவிட்டு.

“செவ்வாய்க்கிழமை செஞ்சிருங்க. மூணாம் தெருவுக்குச் செவ்வாய்தான முறை.”

அவ்வளவுதான் சொன்னாள். ஆணையர் அதையே தீர்மானமாக எழுதிக்கொண்டார்.

நான் செய்த தவறு அதற்குப் பிறகுதான். பயத்தில் செய்தது என்பதால் அது தவறு இல்லை என்று ஆகாது. நான் எழுதியதால் வந்தவர்கள், எழுத்து அழிந்தால் போய்விடுவார்கள்; ஆகவே எழுத்தைப் பெருக்குவோம், அவர்களை முழுமையாக எழுதி வைப்போம், முழுமையாக எழுதிய ஒன்று அழிந்தாலும் எப்படியோ திரும்பும் என்று எனக்குள் ஒரு எண்ணம் ஓடியது. நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். அவர்களும் வெள்ளை மனதோடு சொன்னார்கள். முப்பத்தெட்டுப் பேரின் பெயர்கள், அதன் பிறகு பிறந்த ஏழு பிள்ளைகள், ஐந்தாம் தெருவிலிருந்து வாழ வந்த மருமகள், ஆக நாற்பத்தாறு. யாருக்கு எந்தக் குழம்பு பிடிக்கும், யாருக்கு எந்தக் காது கேட்காது, யார் யாரோடு பேசுவதில்லை, எல்லாம். மூன்று நாள் உட்கார்ந்து அத்தனையையும், நிரலின் கோப்புகளெல்லாம் இருக்கும் களஞ்சியத்தில் ஏற்றி, காக்க வேண்டியவை என்று பட்டியலில் சேர்த்தேன். தர்ஷிகாவின் பெயரை ஏற்றியபோது எனக்குக் கண் கலங்கியது. நல்ல காரியம் செய்கிறோம் என்ற கலக்கம் அது. அதைப்போல என்னை ஏமாற்றிய கலக்கம் வேறில்லை.

திங்கட்கிழமை காலை, இரவு ஷிப்டு முடிந்து அரியநாச்சி அலுவலகத்துக்கு வந்தாள். தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. குடங்களைத் தாண்டித் தாண்டி வந்து எதிரே நின்றாள். சூசையும் அங்கே இருந்தார்.

“எல்லாத்தையும் எழுதிட்டீங்களா சார்?”

“ஒண்ணு விடாம எழுதிட்டேம்மா. பென் டிரைவுலயும் ஒரு நகல் எடுத்து வச்சிருக்கேன்.”

“பென் டிரைவுல எத்தனை நாளைக்கு ஒருக்காத் தண்ணி வரும்?” என்றார் சூசை.

அவள் சிரிக்கவில்லை. “எதுல எழுதுனீங்க?”

“நம்ம களஞ்சியத்துலதான்.”

“நாளைக்கு ரீசெட் பண்ணப் போறது?”

“அதுலதான்.”

“பண்ணுனா அதுல பட்டியல் போட்டு வச்சதெல்லாம் என்ன ஆகும்?”

இருபது வருடமாகக் கணினியோடு இருப்பவனுக்குப் பஞ்சாலையிலிருந்து வந்தவள் அதைக் கேட்க வேண்டியிருந்தது. ரீசெட், களஞ்சியம் அறிந்தவற்றையெல்லாம் மூலத்தோடு ஒப்பிட்டு, மூலத்தில் இல்லாததை நீக்கிவிடும். அறியாததைத் தொடாது. பட்டியலில் ஏறாத ஒன்று பக்கத்திலேயே கிடந்தாலும் அதன் கண்ணுக்குத் தெரியாது. நான் நாற்பத்தாறு பேரையும் அதன் கண்ணுக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன்.

“லைட்டுக் கம்பம் நீங்க எழுதுனது, போயிருச்சு” என்றாள் அரியநாச்சி. “கயிறு நான் கட்டுனது. நீங்க எழுதல. இன்னைக்கு வரைக்கும் நிக்கிது. அஞ்சு வருஷமா அதுல துணி போடுறேன், இதத்தான் யோசிச்சுக்கிட்டே போடுறேன்.”

“ஆனா உன்னை நான் எழுதினேனேம்மா. கயிறு வேற. நீ வந்ததே நான் எழுதி…”

“என்ன எழுதுனீங்க?”

“நாலாம் நம்பர் வீடு…”

“வீட்ட எழுதுனீங்க, சரி. வீடு போகட்டும். ஆளுக்கு என்ன எழுதுனீங்க?”

“மூணுன்னு போட்டேன்.”

“நான் மூணா?”

சூசை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

“அரியநாச்சின்னு நீங்க எழுதல சார். அது நான் வரும்போதே கொண்டு வந்தது. சங்கையாவ எழுதல. சீனியம்மா கூட நான் போட்ட சண்டை ஒண்ணக்கூட எழுதல. மூணுன்னு ஒரு நம்பர் போட்டீங்க. அந்த மூணு போகும். போகட்டும்.”

ஏழு வருடமாக நான் சுமந்துகொண்டிருந்த ஒன்றை அவள் இரண்டு விரலால் எடுத்துக் கீழே வைத்தது போலிருந்தது. அதைக் குற்றம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் எவ்வளவு பெருமை கலந்திருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

“நீ நினைக்கிற மாதிரி இல்லைன்னா?” என்று கேட்டேன்.

அவள் தலையிலிருந்த பஞ்சைத் தடவி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

“இல்லன்னா மூணாம் தெருவுக்குத் தண்ணியாச்சும் வரும். ஆனா எம் பிள்ள பேர நீங்க பட்டியல்ல வச்சிருக்கீங்க. அத எடுங்க. எல்லாத்தையும் எடுங்க. நான் இங்கயே உக்காந்திருக்கேன்.”

எடுத்தேன். ஒவ்வொரு பெயராக அவள் சொல்ல, நான் பட்டியலிலிருந்து நீக்கினேன். குழம்பும், கேட்காத காதும், பேசாத பேச்சும் கூடப் போயின. நாற்பத்தைந்தில் முடிந்துவிட்டது என்றேன். அவள் நாற்பத்தாறு என்றாள். இல்லை என்றேன். முதலிலிருந்து திரும்ப ஓட்டச் சொன்னாள். ஐந்தாம் தெரு மருமகளை நான் அவள் பிறந்த வீட்டுப் பெயரில் வேறு இடத்தில் ஏற்றியிருந்தேன். அதையும் எடுத்த பிறகுதான் அரியநாச்சி எழுந்தாள். குடங்களைத் தாண்டி வாசல்வரை போய், நின்று, திரும்பி ஒரு முறை திரையைப் பார்த்தாள்.

பிறகு அவள் நேராகச் சீனியம்மாளிடம் போயிருக்கிறாள். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. குழாயடி வரிசையில் யாருடைய குடம் நிற்கிறதோ, அவர் அந்தத் தெருக்காரர். ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, வாக்காளர் பட்டியல் எதையும் அங்கே யாரும் கேட்பதில்லை. குடத்தை ஆள் இல்லாமல் விட்டுப் போகலாம், யாரும் எடுக்கமாட்டார்கள், தாண்டிப் போய்ப் பிடிக்கமாட்டார்கள். குடம் நின்றால் ஆள் நிற்பதாகவே பொருள். வேறு தெருவின் வரிசையில் குடம் வைக்க வேண்டுமென்றால் வரிசைக்குப் பொறுப்பானவர் சம்மதிக்க வேண்டும். இந்த வழக்கம் எந்த நிரலிலும் இல்லை, நானும் ஒருபோதும் எழுதவில்லை. அங்கே நடந்ததைச் சூசை எனக்குச் சொன்னார்.

“எங்க தெருவுல ஏற்கெனவே நாப்பத்திரெண்டு கொடம்” என்றாளாம் சீனியம்மாள். “இத்தனை நாளாக் காஞ்சு கெடக்குறோம். உங்க தெருவாலதான்.”

“தெரிஞ்சுதான் உங்ககிட்ட வந்தேன். நாப்பத்தி மூணா வச்சிக்கங்க.”

“வேற தெருவே கெடைக்கலயா?”

“உங்ககிட்ட வாங்குனாத்தான அது எடம்.”

சீனியம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து அவளை மேலும் கீழும் பார்த்தாள். “கடைசில வையி.”

“நான் எப்பவுமே கடைசித் தெருதான்க்கா.”

“ரொம்பப் பேசாத. மாடியில ஒரு ரூம் இருக்கு, கோழி அடைக்கிறேன். கோழிய மாத்திக்கலாம். உன் கொழுந்தன் நம்ம வீட்டுப் பக்கம் பீடி குடிக்கக் கூடாது.”

அன்று பிற்பகலுக்குள், வீட்டுக்கு ஒரு குடம், தெருவுக்கு ஒரு குடம் என்று பதினோரு வீடுகளும் பதினோரு தெரு வரிசைகளில் போய் நின்றன, அந்தத் தெருக்களுக்கு அன்று முறை இல்லாதபோதும். சாயங்காலம் ஒன்பதாம் தெருவிலிருந்தும் பன்னிரண்டாம் தெருவிலிருந்தும் ஆட்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார்கள். எங்கள் தெருவுக்கு மட்டும் ஏன் யாரும் குடம் வைக்கவில்லை, நாங்கள் என்ன குறைந்துபோய்விட்டோம் என்று கேட்டார்கள். சங்கையாவின் தம்பியும் ஏழாம் வீட்டில் இருந்த ஒரு பிரம்மச்சாரியும் தனித்தனியாகக் குடம் வாங்கி அங்கே போய் வைத்த பிறகுதான் ஊர் சமாதானமானது.

செவ்வாய்க்கிழமை பத்தரை மணி. மூன்றாம் தெருக்காரர்கள் காலையிலேயே தங்கள் குடங்களை என் மேசையடியிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள்; அலுவலகம் திடீரென்று பெரிதாகத் தெரிந்தது. அரியநாச்சி வருவாள், பக்கத்தில் நிற்பாள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். அவள் வரவில்லை. வரிசையில் நிற்கணும், சாரே தட்டட்டும் என்று சூசையிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். அவள் இல்லாமல் தட்டுவது எனக்குக் கடினமாக இருந்தது. இருந்தால் இன்னும் கடினமாக இருந்திருக்கும். அதை அவள் அறிந்திருந்தாள். ரீசெட்டுக்கான வரியை எழுதி, இரண்டு முறை படித்து, விசையைத் தட்டினேன். எழுத்துக்கு எழுத்து மூலத்தோடு ஒத்துப்போகிறது என்று ஒரே வரி வந்தது. ஆயிரத்து நூறு மாற்றங்கள் போவதற்கு, நான் மூச்சை வெளியே விடும் நேரம்கூட ஆகவில்லை. பதிமூன்று தெருக்களைப் புதிதாகக் கொடுத்தேன். சூசையின் போனுக்குப் பட்டியல் போனது. அன்றைய தேதிக்கு, அன்றைய தெருவுக்கு. அவர் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

நான் முதலில் போனது பதினாலாம் தெரு இருந்த இடத்துக்கு. மூன்றாம் தெருவுக்குப் போக எனக்குத் துணிவில்லை. பதிமூன்றாம் தெருவைத் தாண்டியதும் வேலிக்காத்தான் செடிகள், ஏழு வருடம் எங்கேயும் போகாதவை போல நின்றன. சுவர்கள் இல்லை, கூரைகள் இல்லை, குழாய் இல்லை. ஆனால் செடிகளுக்கு நடுவே கட்டில்கள் கிடந்தன. ஆட்டுக்கல் கிடந்தது. சமையலறை இருந்த இடத்தில் பருப்பு டப்பாக்கள், எந்தப் பலகையும் இல்லாமல், பலகையின் உயரத்தில் வரிசையாக நின்றன. காலண்டர்கள் காற்றில் தொங்கின. ஒன்றில் யாரோ பால்காரருக்காகக் குறித்த கோடுகள். வால்வுத் தொட்டி இருந்த இடத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஒரு குங்குமப் பொட்டு மட்டும் இருந்தது. கயிறு இப்போது இரண்டு முனையும் ஒன்றிலும் கட்டப்படாமல் நின்றது, அதில் ஒரு சின்னப் பாவாடை காய்ந்துகொண்டிருந்தது. ஆட்கள் ஒருவரும் இல்லை. பேச்சுச் சத்தம் இல்லை. எல்லாரும் காலையிலேயே வரிசைகளுக்குப் போய்விட்டார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், அந்தப் பாவாடையைத் தொட்டு இன்னும் ஈரமாக இருக்கிறதா என்று பார்த்தேன். எனக்குத் தெரிந்த எதுவும் இதுவரை எதற்கும் உதவியதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் தெருவுக்கு ஏறும் மேட்டில் நான் ஓடினேன் என்று பார்த்தவர்கள் பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில்லை. ஈர மண்ணின் வாடை முதலில் வந்தது. பிறகு பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் விழும் சத்தம். அதன் பிறகு சீனியம்மாளின் குரல், தெரு முழுக்கக் கேட்கும்படி.

“நாப்பத்தி மூணுன்னா நாப்பத்தி மூணாவதா நிக்கணும். முப்பத்தொம்பதுல உன் கொடம் எப்படி வந்துச்சு? காலா முளைச்சிருக்கு அதுக்கு?”

பதில் வருகிறதா என்று நின்றேன். அந்த இடைவெளியில் ஒரு குடம் நிறைந்து இன்னொரு குடம் மாறியது.

“நீ வேலைக்குப் போகணும், முன்னாடி வச்சிக்கோன்னு முன்னால நின்ன நாலு பேரும் அவங்களே நகட்டி விட்டாங்கக்கா. கேட்டுப் பாருங்க.”

“அவங்க சொன்னா? இங்க யாரு சொல்லணும்? வந்து ஒரு நாள் ஆகல, அதுக்குள்ள சிபாரிசு.”

அரியநாச்சி சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு, பச்சைக் குடத்தின் கழுத்தை விடாமல் பிடித்தபடி நின்றாள். தர்ஷிகா கவிழ்த்துப் போட்ட ஒரு வாளியின் மேல் உட்கார்ந்து, வழிந்து ஓடும் தண்ணீரில் காலை வைத்திருந்தது. என்னைப் பார்த்துக் காலை இன்னும் கொஞ்சம் ஆட்டியது. நான் பக்கத்து வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

நாலாம் தெருவிலிருந்து, தங்கள் குழாயில் வேகம் குறைவு என்று பார்க்க வந்த ஒருத்தி, சண்டையைக் கேட்டு நின்றாள்.

“இவ பதினாலாம் தெருவுல்ல? அந்தத் தெருதான் இல்லையே இப்ப. இவ எந்தத் தெருக்காரின்னு இங்க வந்து நிக்கிறா?”

சீனியம்மாள் திட்டிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

“எங்க தெருக்காரி. உனக்கென்ன? உன் கொடத்தப் போயிப் பாரு.”

சொல்லிவிட்டு மறுபடி அரியநாச்சியின் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து திட்ட ஆரம்பித்தாள்.